புல் வெட்டுவது மட்டுமா தோட்ட வேலை?



சுபாங் ஜெயா நகரம் 1976-ஆம் ஆண்டு தொடங்கி எழுந்தது சீபீல்டு தோட்டத்துப் பால்மரக் காட்டில்தான். அதைப்போல் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. அங்கே மரம் சீவியவர்களின் பிள்ளைகள் சிலர், இன்று முதுகில் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு தாமான் வீடுகளில் புல் வெட்டிப் பிழைக்கிறார்கள். இதைக் கூலி வேலை என்று தாழ்வாக எண்ணுகிறவர்கள் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. மண்ணையும் மரத்தையும் அறிந்தவர் செய்தால் இது ஒரு தொழில். அறியாதவர் செய்தால் வெறும் புல்வெட்டுத்தான். அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் புல்லை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வீட்டு வாசல்களில் பெரும்பாலும் காண்பது அகன்ற இலையுடைய மாட்டுப்புல். "நன்றாக ஒட்ட வெட்டிவிடுங்கள், ஒரு மாதம் தாங்கட்டும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். நாமும் மொட்டை அடித்துவிட்டு வருவோம். பத்து நாளில் அங்கங்கே மண் தெரியும்; இருபது நாளில் அந்த இடத்தில் கோரையும் தொட்டாற்சுருங்கியும் முளைக்கும். காரணம் எளிதானது. இலைதான் புல்லுக்குச் சமையலறை. அதை முழுவதும் சிரைத்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சுருங்கிவிடுகிறது. மண்ணில் வெயில் நேரே விழுவதால், காத்துக்கிடந்த களை விதைகள் கண் திறக்கின்றன. ஆகவே புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. மாட்டுப்புல்லை இரண்டு அங்குல உயரத்தில் விட்டுவைப்பது நல்லது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போக வேண்டிவரும். மாதம் ஒருமுறை மொட்டையடிப்பதைவிட மாதம் இருமுறை இலேசாக வெட்டுவதே புல்லுக்கு நல்லது என்று வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். புல்லும் பிழைக்கும், நமக்கும் நிலையான வருமானம் கிடைக்கும்.

அடுத்து மரம். இங்கேதான் நம்மவருக்குப் பிறர்க்கில்லாத அறிவு இருக்கிறது. பால் வெட்டும்போது கத்தி சற்று ஆழமாய்ப் போய் மரத்தில் காயம் விழுந்தால் கங்காணி சும்மா விட்டாரா? பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள மெல்லிய உயிர்ப்படலம் கெட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது என்பது தோட்டத்தில் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் தாமான்களில் என்ன நடக்கிறது? இளமரத்தின் அடியில் நிற்கும் நாலு புல்லை எடுப்பதற்காக, சுழலும் நைலான் கயிற்றை மரத்தைச் சுற்றி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பட்டை தேய்கிறது. சுற்றிலும் பட்டை போய்விட்டால், இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்க வழியில்லை. ஆறு மாதம் கழித்து மாமரம் காய்ந்து நிற்கும். "மண் சரியில்லை" என்பார் வீட்டுக்காரர். மண்மீது பழியில்லை, கயிற்றின்மீதுதான் பழி. மரத்தைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, மக்கிய இலையைப் பரப்பி வையுங்கள். இலை அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளியிருக்க வேண்டும். அதன்பின் அங்கே இயந்திரத்திற்கே வேலையில்லை.

மண்ணிலும் குறை இல்லாமலில்லை. வீடு கட்டுபவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, களிமண்ணையும் உடைந்த செங்கல்லையும் இறுக்கி விட்டுப் போயிருப்பார்கள். செடி நடும் முன் மண்வெட்டியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரையடி ஆழம் கொத்தி, மக்கிய குப்பையைக் கலந்துவிட்டுத்தான் நட வேண்டும். பால்மரக் கன்றுகளுக்கிடையே கொடிப்பயிர் படரவிட்டு மண்ணைக் காத்தார்களே, அதே பாடந்தான் இங்கும். மண் வெறுமையாய்க் கிடக்கக்கூடாது.

இனிச் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். களையைக் கண்டதும் மருந்தடிக்கும் பழக்கம் தோட்டத்திலிருந்து நம்முடன் வந்துவிட்டது. பாராகுவாட் மருந்தைத் தோளில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிர் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய மருந்து எங்கேனும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தால், இன்றே வீட்டில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் சாக்கடையில் கொட்டாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து விவசாய இலாகாவைக் கேளுங்கள். வேறு மருந்துகள் உண்டே என்பீர்கள். சிறுவர்கள் வெறுங்காலோடு ஓடும் பத்தடி முற்றத்தில் மருந்து எதற்கு? முள்கரண்டியும் மழை பெய்து ஈரமான மண்ணும் போதும்.

இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்குகிறவர்கள், கண்ணாடியும் முழங்காலை மூடும் காப்பும் சப்பாத்தும் இல்லாமல் வேலைக்கு இறங்கவே கூடாது. இரும்புத் தகடு வீசும் கல் கண்ணைப் பறித்துவிடும். வேலை செய்பவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது என்பது விதி. அடுக்கு வீட்டு முற்றத்தில் அவ்வளவு தூரம் ஏது? ஆகவே அங்கே தகட்டை மாட்டாமல் நைலான் கயிற்றைப் பயன்படுத்தி, பலகை ஒன்றைத் தடுப்பாகப் பிடிக்கச் சொல்லி, வீட்டார் உள்ளே போனபின் தொடங்குங்கள்.

ஏடிஸ் கொசுவையும் மறக்கலாகாது. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நாமோ இரண்டு வாரத்திற்கு ஒருமுறைதான் போகிறோம். அதனால் பூந்தொட்டித் தட்டையும் குவிந்த இலை இடுக்கிலும் மூங்கில் அடியிலும் தேங்கும் நீரையும் வீட்டுக்காரரே வாரம் ஒருமுறை கவனிக்கும்படி சொல்லிவிட்டு வாருங்கள். கொசு வளர்ந்திருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்குத் தண்டம் உண்டு. சொன்னதற்கு நன்றியே சொல்வார்.

கடைசியாகக் கூலிப் பேச்சு. நிலத்தைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்லாதீர்கள். வெட்டிய புல்லை யார் அள்ளிப் போவது, சாக்கடையில் விழுந்த இலை யாருடைய பொறுப்பு, மரக்கிளை கழிப்பதற்குத் தனிக் கூலியா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். குப்பையை முற்றத்திலேயே கொளுத்தும்படி வீட்டுக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். திறந்தவெளியில் எரிப்பது குற்றம். தீ வைத்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வெட்டிய மெல்லிய புல்லை அப்படியே புல்தரையில் விட்டுவிட்டால் அதுவே எருவாகும். மிச்சத்தை ஒரு மூலையில் குவித்து, மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை செடி நடும்போது எடுத்துப் போடலாம்.