120 லிட்டர் தண்ணீர்

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் தறிக்குழியில் இறங்கியவுடன் நாடாவை ஓட்டிவிடுவதில்லை. பாவில் இழை ஏதேனும் அறுந்துள்ளதா என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவி அறிந்த பின்னரே மிதியில் காலை ஊன்றுகிறார். பட்டில் ஓர் இழை தப்பினால் பிரித்து நெய்யலாம். சிறுநீரகம் செயலிழந்த ஒருவரை டயாலிசிஸ் இயந்திரத்துடன் இணைக்கும் செவிலியருக்கோ அந்த வசதி இல்லை.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் குடும்பங்களில் மலிந்துவிட்ட இந்நாளில், டயாலிசிஸ் என்னும் சொல்லைக் கேள்விப்படாத வீடு அரிது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், நோயாளியின் இரத்தம் வெளியே வந்து, மெல்லிய சவ்விழைகளினூடே பாய்ந்து, கழிவு நீங்கி உடலுக்குத் திரும்புகிறது. சவ்வின் மறுபுறம் ஓடும் திரவத்திற்கு ஒரு தடவைக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பாலாற்று நீரே காஞ்சிப் பட்டுக்கு மெருகூட்டுகிறது என்பர் ஊர்ப் பெரியோர். ஆயினும் பட்டுக்கு உகந்த நீரும், ஏன், குடிப்பதற்கு நல்ல நீரும்கூட இரத்தத்திற்கு ஆகாது. குடிக்கும் நீரைக் குடலும் ஈரலும் சலித்து அனுப்புகின்றன. இங்கோ நீருக்கும் இரத்தத்திற்கும் இடையே ஒரு சவ்வு மட்டுமே உண்டு. கிருமியைக் கொல்வதற்காக நகராட்சி சேர்க்கும் குளோரின், அச்சவ்வைக் கடந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எனவே கரி நிரப்பிய தொட்டிகளின் வழியாக நீரைச் செலுத்திக் குளோரினை நீக்குகின்றனர். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது எஞ்சியிருக்கலாகாது. அன்றைய முதல் நோயாளியை இணைக்குமுன் இதனைச் சோதித்தே ஆகவேண்டும். நேற்றுச் சரியாக இருந்தது என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

1996 பிப்ரவரியில் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் நேர்ந்தது இதற்குச் சான்று. அங்கிருந்த டயாலிசிஸ் நிலையம் ஒன்றிற்கு, முறையாக வடிகட்டிச் சுத்திகரிக்கப்படாத நீர் லாரிகளில் வந்தது. நீர்த்தேக்கத்தில் வளர்ந்த பாசியின் நஞ்சு அதில் கலந்திருந்தது. நிலையத்தின் வடிகட்டிகளால் அதனைத் தடுக்க இயலவில்லை. 131 நோயாளிகளில் 116 பேருக்குப் பார்வை மங்கலும் குமட்டலும் வாந்தியும் கண்டன. ஈரல் கெட்டு 52 பேர் மாண்டனர். கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாழும் நாம் இச்செய்தியை எளிதில் கடந்துபோக முடியுமா?

நீர் தேறியபின் இயந்திரத்தின் முறை. திரவத்தின் உப்புச் செறிவை மின்கடத்துத் திறனால் அளக்கின்றனர். இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் தனிக் கருவியாலும் சரிபார்ப்பது நல்ல வழக்கம். திரவத்தின் சூடு உடற்சூட்டையொட்டி இருக்கவேண்டும். மிகுந்தால் இரத்த அணுக்கள் சிதையும். குழாயில் காற்றுக் குமிழி வந்தால் மணியடித்து, இடுக்கி தானே மூடிக்கொள்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். முந்திய இரவு இயந்திரத்தைக் கழுவிய மருந்து மிச்சமின்றி நீங்கியதா என்பதை ஒரு சிறு சோதனைத் தாள் நிறம் மாறிக் காட்டிவிடும். இவையனைத்திற்கும் சில நிமிடங்களே பிடிக்கும். எனினும் வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது, ஓயாமல் ஒலிக்கும் மணியை அமர்த்திவிட்டு வேலையைத் தொடங்கும் ஆசை யாருக்கும் எழக்கூடும். ஆபத்து நுழைவது பெரும்பாலும் அந்த வாசலில்தான் என்பது எம் எண்ணம்.

1943-இல் ஹாலந்து நாட்டின் காம்பன் நகரில் மருத்துவர் வில்லெம் கோல்ஃப் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தபோது இத்தகைய மணி ஏதுமில்லை. கொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறையை மர உருளையில் சுற்றி, தம் கண்ணையே காவலாக வைத்தார். தொடக்கத்தில் பலர் பிழைக்கவில்லை. 1945-இல்தான் 67 வயது மூதாட்டி ஒருவர் முதன்முதலாக உயிர் மீண்டார்.

உடன் செல்லும் மனைவியோ மகனோ, “இன்று தண்ணீர் பார்த்தாயிற்றா, சிஸ்டர்?” என்று கேட்பதில் தவறொன்றுமில்லை. நல்ல செவிலியர் சினம் கொள்ளார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார். கழுவி மறுபடி பயன்படுத்தும் வடிகட்டியாயின், அதில் ஒட்டியுள்ள பெயரை அவர் உரக்கப் படிக்க, நோயாளி தம் பெயர்தான் என்று தலையசைத்த பிறகே ஊசி கைக்கு வரும்.