வளரும் விழியும் மெல்லிய வில்லையும்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயிலில் ஆகுர்டியை அடுத்து வருவது தேஹு ரோடு. இராணுவக் கிடங்குகளையும் கண்டோன்மென்டையும் சார்ந்து வளர்ந்த ஊர் இது. பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. பிள்ளைகளின் படிப்பே இவர்களுடைய பெருஞ்செல்வம். ஆதலால், "கரும்பலகை தெரியவில்லை" என்று பிள்ளை சொன்னதும் வீடு கலங்குகிறது. கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். எழுத்து தெளிவாகத் தெரிகிறது. கவலை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். மறு ஆண்டு பார்த்தால் பவர் ஏறியிருக்கிறது. அதற்கு மறு ஆண்டும் அப்படியே. இது ஏன்? இதைத் தடுக்க வழியுண்டா? இவ்விரு வினாக்களையும் இங்கே ஆராய்வோம்.

கிட்டப் பார்வை பெரும்பாலும் கண்ணின் அளவு மீறிய வளர்ச்சியால் வருவது. பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் உடையது. வளர்ந்தோர்க்கு அது சுமார் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி அளவோடு நின்றால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையின் மேல் சரியாக விழும். விழி மேலும் நீண்டுவிட்டால் பிம்பம் திரைக்கு முன்பே குவிந்து, தொலைவு மங்கலாகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் பவர் ஏறும். நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை.

மங்கலான பார்வையைக் கண்ணாடி திருத்திவிடுமே, பிறகென்ன அச்சம் என்று கேட்கலாம். விழி நீள நீள, அதன் உட்புறத்திலுள்ள விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் திரை கிழியவும், கழன்றுபோகவும், நடுப்பார்வைக்குரிய பகுதி சிதையவும் இடமேற்படுகிறது. அந்த இழப்பை எந்தக் கண்ணாடியும் ஈடுசெய்யாது. ஒரு டயாப்டர் அளவுக்கு ஏற்றத்தைத் தடுத்தாலே நடுத்திரைச் சிதைவின் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறையும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிறுவயதில் தொடங்கும் கிட்டப் பார்வைக்கு ஏறுவதற்கு ஆண்டுகள் பல உண்டு. அதனாலேயே எட்டு வயதுப் பிள்ளையின் சிறு பவரையும் நாம் அலட்சியம் செய்யலாகாது.

இக்குறை நம் நாட்டிலும் பரவி வருகிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் தில்லிப் பள்ளிகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பிள்ளைகளிடம் கிட்டப் பார்வை காணப்பட்டது. 2050-ஆம் ஆண்டில் உலக மக்களில் பாதிப்பேர் இதற்கு ஆளாகக்கூடும் என்பது 2016-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு.

சாதாரணக் கண்ணாடி ஏன் இந்த வளர்ச்சியைத் தடுப்பதில்லை? அது நடுப்பார்வையைத் திருத்துகிறது. ஆயினும் விழித்திரையின் ஓரங்களில் பிம்பம் திரைக்குப் பின்னே விழக்கூடும். கோழிக்குஞ்சுகளைக் கொண்டு செய்த சோதனைகளில், பிம்பத்தைத் திரைக்குப் பின்னே தள்ளும் வில்லை அணிவித்தால் விழி விரைந்து நீண்டது. முன்னே இழுக்கும் வில்லை அணிவித்தால் வளர்ச்சி மந்தமாயிற்று. விழி தன் வளர்ச்சிக்கான குறிப்பை ஒளியிடமிருந்தே பெறுகிறது என்று இதனால் தெளிந்தனர். இதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதோ, குறைந்த பவரில் அணிவிப்பதோ பயன் தராது. மலேசியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே ஏற்றம் அதிகமாயிருந்தது.

இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் புதிய மென்வில்லை. செக் நாட்டு ரசாயன அறிஞர் ஓட்டோ விக்டர்லே, 1961-இல் பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு சிறு பொறியமைத்து, நீரை உறிஞ்சி மிருதுவாகும் பொருளில் கண்ணில் ஒட்டும் வில்லைகளை வார்த்தெடுத்தார். பார்வையைத் திருத்த மட்டுமே அவை அன்று பயன்பட்டன. இப்போது வந்துள்ள வகையில் நடுப்பகுதி தொலைவைத் தெளிவாகக் காட்டுகிறது. அதைச் சூழ்ந்த வளையங்கள் ஒளியின் ஒரு பகுதியைத் திரைக்கு முன்னே குவித்து, விழியின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகின்றன.

இதன் பயன் சோதிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து, போர்த்துக்கல் ஆகிய நாடுகளில் 8 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் நடந்த மூன்றாண்டுச் சோதனையில், சாதாரண மென்வில்லை அணிந்தோர்க்கு 1.24 டயாப்டர் ஏறியது. வளைய வில்லை அணிந்தோர்க்கு 0.51 மட்டுமே ஏறியது. 2019-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவ்வில்லைக்கு அனுமதி அளித்தது. இங்கு ஒன்றை மறத்தலாகாது: வேகம் தணிந்ததேயன்றி, ஏற்றம் முற்றும் நின்றுவிடவில்லை, ஏறிய பவரும் இறங்கவில்லை.

இவ்வில்லையைப் பிள்ளைக்கு அணிவிக்கலாமா என்பதைக் கண் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். பெற்றோர் ஆராய வேண்டியது வேறொன்று: சுத்தம் பேணும் பழக்கம் பிள்ளைக்கு உண்டா? ஒருநாள் அணிந்து எறியும் வகையே பாதுகாப்பானது. நாளுக்கு இரண்டாக ஆண்டுக்கு 730 வில்லைகள் தேவைப்படும், செலவு சிறிதன்று. சிக்கனம் கருதி நேற்றைய வில்லையை இன்று அணிவது ஆபத்து. சோப்பிட்டுக் கைகழுவி, ஈரம் துடைத்த பின்னரே வில்லையைத் தொடவேண்டும். குழாய் நீரோ எச்சிலோ அதில் படலாகாது. குளிக்கும்போதும், நீந்தும்போதும், உறங்கும்போதும் அணியலாகாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்க. மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி விடுவது கருவிழியைப் பாழாக்கக்கூடும். வில்லை ஒவ்வாத பிள்ளைக்கு, இதே தத்துவத்தில் அமைந்த சிறப்புக் கண்ணாடிகளும், மருத்துவர் அளந்து தரும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன் நிற்பது வெளியிடத்து வெளிச்சம். சீனாவின் குவாங்ஜோ நகரில் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்றாண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கே புதிதாகக் கிட்டப் பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39-க்கு மேல். டியூஷன் முடிந்து இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளைக்கு இந்த வெளிச்சம் கிட்டுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்தில் விளையாட விடுவதால் படிப்பு கெட்டுவிடாது. ஆனால் வெளிச்சத்தின் பலன் குறை வருமுன் காப்பதிலேயே மிகுதி. வந்தபின் ஏற்றத்தைத் தணிக்க மருத்துவரின் துணை வேண்டும்.

ஆகவே, கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நில்லாமல், ரயிலேறிப் புனேயிலுள்ள கண் மருத்துவமனை ஒன்றுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது நன்று. தாய் தந்தையர்க்குக் கிட்டப் பார்வை இருப்பின் பள்ளியில் சேர்க்கும்போதே பரிசோதித்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவரையும், வசதியிருப்பின் விழியின் நீளத்தையும் அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவோமாக. ஏற்றம் விரைவாயிருப்பதை அந்தக் குறிப்பு காட்டினால், வளைய வில்லை நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டுவதில்லை.