மூட்டுநோய்க்குச் செவிலியர் கண்காணிப்பு: எதிர்பார்க்க வேண்டிய தரம்

முடக்குவாதம் சில வாரங்களில் மறைந்துவிடும் நோய் அன்று. ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டியது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வீக்கமும் வலியும் காலைநேர விறைப்பும் உண்டாகின்றன. பெரும்பாலும் கைவிரல்களின் சிறு மூட்டுகளே முதலில் பாதிக்கப்படும். தையல் இயந்திரத்திலும் பிசிறு வெட்டும் மேசையிலும் விரல்களை நம்பி வாழும் நம் பகுதியினருக்கு இந்நோய் குடும்ப வருமானத்தையே பாதிக்கக்கூடியது.

தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோயம்புத்தூர் அதனினும் தொலைவு. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து மூட்டுநோய் வல்லுநரைக் காணச் செல்வது எல்லோர்க்கும் இயலாது. வல்லுநர் நோயை உறுதிசெய்து மருந்தைத் தீர்மானித்த பின், தொடர் கண்காணிப்பைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஏற்கும் முறை இங்கிலாந்தில் நெடுநாளாக உள்ளது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியபின், செவிலியர் இல்லம் வந்து கவனிப்பது தமிழ்நாட்டினர்க்கும் புதிதன்று.

‘மருத்துவரை விடுத்துச் செவிலியரிடம் சென்றால் சிகிச்சை குறைந்துவிடாதா?’ என்னும் ஐயம் இயல்பானதே. இங்கிலாந்தில் 10 மையங்களில் 181 முடக்குவாத நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து, 2014இல் வெளியான ஆய்வு, செவிலியர் தலைமையிலான கண்காணிப்பு மருத்துவர் தலைமையிலான கண்காணிப்புக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. ஆயினும் எழுதப்பட்ட தரவரையறை இருந்தால்தான் இம்முறை பாதுகாப்பானது. அவ்வரையறை நிறைவேறுகிறதா என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் தாமே அறிய முடியும்.

முதலாவது, மூட்டுப் பரிசோதனை. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து வீக்கத்தையும் வலியையும் பதிய வேண்டும். இக்கணக்கில் பாதம் இடம்பெறாது. பாதவலி இருப்பின் நீங்களே கூறுங்கள்.

இரண்டாவது, மருந்துச் சரிபார்ப்பு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைச் செவிலியர் ஒவ்வொரு முறையும் கேட்டறிய வேண்டும். வீட்டிலும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையை உரிய இடைவெளியில் சோதித்து, முடிவையும் அடுத்த சோதனை நாளையும் உங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, மருத்துவரிடம் செல்லும் வழி. காய்ச்சல், வாய்ப்புண், புதிய இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் மருத்துவரைக் காண ஏற்பாடு இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும்; ஆதலால் மகப்பேற்றை விரும்புவோர் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, பேசுவதற்கு நேரம். நோயாளிக்குத் தேவையான விளக்கமும் மனநலம் குறித்த கவனிப்பும் செவிலியர் பணியின் பகுதிகளே என ஐரோப்பிய மூட்டுநோய்க் கூட்டமைப்பின் பரிந்துரைகள் கூறுகின்றன. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, குடத்தைத் தூக்க முடியவில்லை என்பனவும் சிகிச்சைக்குத் தேவையான செய்திகளே, தயங்காது கூறுங்கள்.

அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டுவாருங்கள். இவ்வைந்தில் ஏதேனும் விடுபட்டிருப்பின், புறப்படும் முன் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. செவிலியருக்கும் அது துணைபுரியும்.