நிலம் அதிர்ந்தால் வானவழி என்னாகும்?

இலங்கையின் மேற்குக் கரையோரத்தில் அமைந்துள்ள கட்டுநாயக்க விமான நிலையம், 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கமும் அது எழுப்பிய ஆழிப்பேரலையும் நாட்டின் கிழக்கு, தெற்குக் கரைகளை அழித்தபோதும் இயங்கும் நிலையில் இருந்தமையால், வெளிநாட்டு நிவாரணம் வந்திறங்கும் வாயிலாயிற்று. அதே நாளில் மாலைதீவின் தலைநகர் விமான நிலையம் கடல்நீர் புகுந்து மூடப்பட்டது. கார் நிக்கோபாரில் இந்திய விமானப்படைத் தளம் பெரும் உயிரிழப்புடன் சிதைந்தது.

வானிலுள்ள விமானத்தை நில அதிர்வு தீண்டுவதில்லை. இறங்க இடமில்லாமற் போவதே இடர். ஓடுபாதையில் வெடிப்பு ஏதும் உண்டா என்று ஊழியர்கள் முழு நீளமும் பார்த்து முடிக்கும்வரையும், விமானத்தை நேர்கோட்டிலும் உரிய சரிவிலும் தரைக்கு வழிநடத்தும் வானொலிக் கருவிகள் நிலை பிசகவில்லை என்று உறுதிப்படும்வரையும், வந்துகொண்டிருக்கும் விமானங்கள் வானிலேயே வட்டமிடுகின்றன, அல்லது எரிபொருள் இருப்பைக் கணக்கிட்டு மாற்று நிலையங்களுக்குத் திருப்பப்படுகின்றன. அவற்றுக்கு ஆணையிடும் கட்டுப்பாட்டுக் கோபுரமோ, ஒடுங்கி உயர்ந்த கட்டடமாதலால், தானே ஆபத்துக்குள்ளாவது. 2025 மார்ச் 28இல் மியன்மாரின் நேப்பியிதோவில் அது சரிந்தே விழுந்தது.

மீண்டும் திறப்பதோடு நெருக்கடி தீர்வதில்லை. 2005 ஜனவரி 4இல், நிவாரண விமானங்கள் குவிந்த பண்டா ஆச்சே நிலையத்தில் சரக்கு விமானமொன்று ஓடுபாதைக்குள் வந்த எருமையுடன் மோதியதால், அங்கிருந்த ஒரே ஓடுபாதை பல மணி நேரம் முடங்கியது. கட்டுநாயக்கவும் ஒற்றை ஓடுபாதையையே நம்பியிருப்பதால், 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்தை அதற்கு மாற்றாக எந்நேரமும் ஆயத்தநிலையில் வைத்திருப்பது இலங்கைக்கு இன்றியமையாதது.