பட்டாபிராம் ‘மிலிட்டரி சைடிங்’: லோக்கல் ரயில் பலகையில் ஏன் ஒரு போர்க்காலப் பெயர்?

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மேற்கே கிளம்பும் லோக்கல் ரயில்களில் சில, ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்ற இடத்தோடு நின்றுவிடும். அம்பத்தூர், ஆவடி பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன பெயர் இது. “இது சைடிங் வண்டியா, திருவள்ளூர் வண்டியா?” என்று கேட்டு ஏறுவதோடு சரி. லேப்டாப் பையும் டிபன் பாக்ஸுமாக மக்கள் ஏறி இறங்கும் ஒரு ரயிலுக்கு ராணுவப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு உலகப் போரின் கதை இருக்கிறது. மெட்ராஸின் கோட்டை கடற்கரையில் இருந்தது. ஆனால், 1942-ல் போர் வாசல் வரைக்கும் வந்தபோது, ராணுவம் நம்பியது கோட்டைச் சுவரை அல்ல, மேற்கே போகும் தண்டவாளத்தை.

அது என்ன சைடிங்?

மெயின் லைனிலிருந்து தனியாகப் பிரிந்து ஒரு கிடங்குக்கோ ஆலைக்கோ போகும் கிளைத் தண்டவாளம்தான் சைடிங். சரக்கு வேகன்களை அங்கே ஒதுக்கி நிறுத்தி, மற்ற ரயில்களைத் தடுக்காமல் பொருட்களை ஏற்றலாம், இறக்கலாம். அந்தக் கிளை ராணுவக் கிடங்குக்குப் போனால் அது மிலிட்டரி சைடிங்.

பீரங்கி, குண்டு, லாரி, அரிசி மூட்டை, கூடாரத் துணி என்று போருக்கு வேண்டிய எதையும் ஆயிரக்கணக்கான டன் கணக்கில் நகர்த்த அன்றைக்கு இருந்த ஒரே வழி ரயில்தான். அதனால் ராணுவம் எங்கே தளம் அமைத்தாலும் முதலில் பார்ப்பது, பக்கத்தில் தண்டவாளம் இருக்கிறதா என்பதைத்தான்.

ஊர் காலியான ஏப்ரல்

மெட்ராஸுக்குக் கடல் வழியாக ஆபத்து வரும் என்பது முதல் உலகப் போரிலேயே தெரிந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தின் அருகே வந்து குண்டு மழை பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. “அவன் சரியான எம்டன்” என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அது அந்த ராத்திரி விட்டுச்சென்ற சொல்.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் மோசம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூன் விழுந்தது, அந்தமான் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை.

வரைபடத்தில் இந்த ஊர்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால், நடுவில் மிச்சமிருந்த பெரிய துறைமுகம் மெட்ராஸ். ஜப்பானியப் படை வருகிறது என்ற பேச்சு பரவியதும் ஊர் காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில், சென்ட்ரல் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி போன்ற விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஆனால், வரும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடுகள் நகரத்தின் வரைபடத்தை நிரந்தரமாக மாற்றின.

ஏன் ஆவடி?

துறைமுகத்தின் பக்கத்திலேயே கிடங்கு வைத்தால் எதிரிக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதற்காக ரொம்ப தூரம் தள்ளி வைத்தால் துறைமுகத்துக்கு அவசரத்தில் உதவாது. சென்ட்ரலிலிருந்து ரயிலில் சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் ஆவடி, இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது. அன்று அங்கே காலி நிலமும் நிறைய.

இன்னொரு காரணமும் உண்டு: அகலப் பாதை. மெட்ராஸிலிருந்து அரக்கோணம் வழியாகப் போகும் லைன், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அரக்கோணத்தில் ஒரு கை பம்பாய் பக்கமும், இன்னொரு கை ஜோலார்பேட்டை பக்கமும் பிரியும். எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கே போன பாதையோ அப்போது மீட்டர் கேஜ். பம்பாயில் ஏற்றிய வேகன் ஆவடிக்கு நேராக வந்து நிற்கும். தாம்பரத்துக்குப் போகவேண்டும் என்றால் வழியில் எங்காவது இறக்கி, வேறு வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். போர்க்காலத்தில் அந்தத் தாமதம் தாங்காது.

இப்படித்தான் ஆவடியில் பெரிய ராணுவத் தளம் எழுந்தது. சுற்றுவட்டாரத்திலும் இதே வேலை நடந்தது. அம்பத்தூருக்கு வடக்கே இருக்கும் செங்குன்றம் ஏரியில், தண்ணீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்களைப் பிரிட்டிஷ் விமானப்படை நிறுத்தியிருந்தது. வங்காள விரிகுடாவில் ரோந்து போவது அவற்றின் வேலை. சோழவரத்தில் ஒரு ஓடுதளம். போர் முடிந்த பின் அதில்தான் கார் ரேஸ் நடந்தது. அரக்கோணத்து ஓடுதளம் இன்று ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம். பூந்தமல்லிக்கு அப்போது ரயில் இல்லை. ஆனால் 19-ம் நூற்றாண்டிலேயே அது பிரிட்டிஷ் சிப்பாய்களின் முகாம் ஊர்.

‘ஆவடி என்பதே கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்’ என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு தகவல் சுற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் போருக்கு வெகுகாலம் முன்பே ரயில் அட்டவணைகளில் ஆவடி என்ற ஸ்டேஷன் இருந்தது. ஊர்ப் பெயருக்குப் பொருத்தமாகப் பிறகு யாரோ விரிவாக்கம் தேடியிருக்கிறார்கள்.

தண்டவாளம் ஓரம் பில்பாக்ஸ் எதற்கு?

உலகம் முழுக்க, இரண்டாம் உலகப் போர்க்காலப் பாதுகாப்புக் கட்டடங்கள் ரயில் பாதையை ஒட்டியே அதிகம் கிடைக்கின்றன. அவற்றில் பிரபலமானது பில்பாக்ஸ்: உள்ளே நின்று சுடுவதற்கான சின்ன கான்கிரீட் அறை. அந்தக் கால மருந்துக் கடைகளின் மாத்திரை டப்பா போல இருந்ததால் இந்தப் பெயர்.

ரயில் ஓரம் அவை வந்ததற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, பாலமும் ஜங்ஷனும். ஒரு பாலம் போனால் மொத்த லைனும் முடங்கும். அதைக் காக்க ஆள் வேண்டும், ஆளைக் காக்கச் சுவர் வேண்டும்.

இரண்டு, ரயில் மேடு. தண்டவாளத்துக்காகக் கொட்டிய உயரமான மண்மேட்டில் டாங்கி எளிதாக ஏற முடியாது. செலவில்லாமல் கிடைத்த தடுப்புச் சுவர் அது. ஜெர்மனி படையெடுக்கும் என்று 1940-ல் பயந்த பிரிட்டன், ஆறு, கால்வாய், ரயில் மேடு மூன்றையும் இணைத்து நீண்ட தடுப்புக் கோடுகள் போட்டது. தென்மேற்கு இங்கிலாந்தின் டான்டன் தடுப்புக் கோடு அப்படி ஒன்று. அதன் பில்பாக்ஸ்கள் பல இன்னும் வயல்களில் நிற்கின்றன.

மூன்று, கணவாய்கள். மலை வழியாகப் படை வர வேண்டுமானால் சாலையும் ரயிலும் போகும் அதே இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கைபர் கணவாயில், டாங்கிகளை மறிக்க நட்ட கான்கிரீட் கூம்புகளை இன்றும் பார்க்கலாம். ‘டிராகன் பற்கள்’ என்பது அவற்றின் பெயர்.

நமக்குப் பக்கத்தில் விசாகப்பட்டினம். கடல் மணலை அரித்தபோது, புதைந்து கிடந்த போர்க்காலப் பில்பாக்ஸ் அங்கே கடற்கரையில் வெளியே வந்தது.

துப்பாக்கி யாரை நோக்கி?

போர்க்காலக் காவல் என்றதும் எதிரி ஜப்பான் என்றுதான் தோன்றும். ஆனால் 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்ததும், ரயில் பாதையைக் காக்கும் துப்பாக்கிகள் உள்ளூர் மக்கள் பக்கமும் திரும்பின.

கோவைப் பக்கம் சிங்காநல்லூர் அருகே, போர்த் தளவாடங்கள் ஏற்றிச் சென்ற ரயிலைப் போராட்டக்காரர்கள் கவிழ்த்தார்கள். அதே மாதம் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைக்கப்பட்டது. நாடு முழுக்கப் பல இடங்களில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. ராணுவத்தின் உயிர்நாடி எது என்று போராடியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துக் காவல் கட்டடம் எதையும் வெறும் ‘வீர நினைவுச் சின்னம்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துவிட முடியாது. ஒரு பக்கம் ஜப்பானியப் படை, இன்னொரு பக்கம் விடுதலை கேட்ட சொந்த ஜனங்கள். இரண்டு பேரிடமிருந்தும் தன் ரயிலைக் காத்துக்கொள்ள ஓர் அந்நிய அரசு எடுத்த முயற்சியின் மிச்சம் அது.

தண்டவாளமே பங்கர் ஆனபோது

ரயிலைக் காக்க அரண் கட்டுவது ஒரு வகை. ரயில் பாதையையே பிரித்து அரண் கட்டிய கதையும் தமிழர்களுக்குத் தெரியும். இலங்கையில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த யாழ்தேவி ரயில், 1990-ல் உள்நாட்டுப் போரால் வடக்கே போவதை நிறுத்தியது. அதன்பின் தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. குண்டு விழுந்தாலும் தாங்கும் இரும்பு, எடுப்பார் கையில் கிடந்தது.

போர் முடிந்த பின் இந்திய அரசு நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாக அமைத்தது. 2014 அக்டோபரில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. அங்கே போரின் அடையாளம், இருந்த பாதை இல்லாமல் போனது. இங்கே மேற்குச் சென்னையில், போருக்காக வந்தது அப்படியே தங்கி, ஊராக வளர்ந்தது.

முகாம், ஊர் ஆன கதை

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதன் முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளியே வந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன். ஒரு டாங்கியின் எடை 40 டன்னிலிருந்து 60 டன்னுக்கு மேல். இவ்வளவு கனத்தை நெடுந்தூரம் கொண்டுபோக ரயில் வேகன்தான் கைகொடுக்கும். போர்க்காலத்தில் ராணுவம் ஆவடிக்கு வந்ததற்கான அதே காரணம் மறுபடி பயன்பட்டது.

2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. ராணுவத்துக்காக எழுதிய பெயர்ப்பலகையின் கீழே இப்போது ஐ.டி. ஊழியர்கள் இறங்குகிறார்கள்.

பழைய கட்டடத்தைக் கண்டால்

தண்டவாளம் ஓரம் இருக்கும் எல்லாப் பாழடைந்த அறையும் பங்கர் இல்லை. கேங்மேன் அறை, பழைய கேட் கீப்பர் அறை, நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியின் அடித்தளம் எல்லாம் பார்க்க அப்படியே இருக்கும். வித்தியாசம் இதுதான்:

- சுவர் தடிமன் ஒரு அடிக்கும் குறையாமல், சிலவற்றில் மூன்று அடி வரைகூட இருக்கும். கூரையும் தட்டையான கான்கிரீட்.
- ஜன்னல் இருக்காது. துப்பாக்கி நீட்டும் அளவுக்குக் குறுகிய துளைகள் பல திசைகளில் இருக்கும்.
- வாசல் தாழ்வாக, பின்பக்கம் இருக்கும். வாசலை மறைத்து ஒரு குறுக்குச் சுவர் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.
- நிற்கும் இடம் பாலம், வளைவு, ஜங்ஷன், கிடங்கு வாசல் போன்ற ஒன்றைக் கண்காணிக்கும்படி இருக்கும்.

பார்க்கிற ஆசையில் தண்டவாளத்தில் இறங்கி நடக்க வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ராணுவ எல்லைக்குள் போட்டோ எடுப்பதும் வம்பு.

2042 வரை தாங்குமா?

மத்திய அரசின் 1958-ம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி, பழஞ்சின்னம் என்று பாதுகாக்க ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். 1942-ல் கட்டியது எதுவானாலும் 2042 வரை அந்த வரிசையில் நிற்கவே முடியாது. அதற்குள் கூடுதல் ரயில் பாதை, மேம்பாலம், கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை திட்டமிடப்படும் மெட்ரோ என்று இந்தப் பாதை முழுக்க மாறிவிடும். வேலைக்கு வரும் ஜேசிபிக்கு அது ஒரு பழைய கான்கிரீட் கட்டி, அவ்வளவுதான்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி கண்டது. 1995-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், தன்னார்வலர்கள் ஊர் ஊராக நடந்து கிட்டத்தட்ட 20,000 போர்க்கால இடங்களைப் பதிவு செய்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை, எது எங்கே இருந்தது, எதற்காகக் கட்டப்பட்டது என்று முதலில் எழுதி வைத்தார்கள். எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவு அதற்குப் பிறகு.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அந்த வேலையைத் தொடங்கப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பொதுச் சாலையிலிருந்து பார்க்கக்கூடிய பழைய கட்டடங்களின் இடக் குறிப்பும், கிடங்கிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களின் ஞாபகமும் போதும். கட்டடத்துக்காவது இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். 1942-ஐ நேரில் பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தொட்டவர்கள். முதலில் போக வேண்டியது அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான்.