இரண்டு எழுத்து மாறினால்

நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில், முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு முதல் தீனியைக் கொத்துவதற்கு முன்பே அதற்கு ஓர் ஊசி போட்டுவிடுகிறார்கள், கழுத்துத் தோலுக்கு அடியில். மேரக்ஸ் தடுப்பூசி. திரவ நைட்ரஜனில் உறையவைத்து வருகிற மருந்து. அது ஒரு புற்றுநோய்த் தடுப்பூசி என்று சொன்னால் கோழி வளர்ப்பவர்களிலேயே சிலர் வியப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த அந்த மருந்துதான், எந்த உயிரினத்துக்கும் பரவலாகப் போடப்பட்ட முதல் புற்றுநோய்த் தடுப்பூசி.

1907இல் புடாபெஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜோசப் மாரெக் கால் விளங்காத நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார்; மேரக்ஸ் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். நோய் கண்ட கோழி ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டிகள். இதற்குக் காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்பது 1967இல்தான் தெரிந்தது. இறகுத் தூசியில் ஒட்டிக்கொண்டு பண்ணை முழுக்கப் பரவும் அது, கோழியின் வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்களுக்குள் குடியேறி அவற்றைப் புற்றாக்குகிறது. (மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை, முட்டைப் பிரியர்கள் கவலைப்பட வேண்டாம்.)

வைரஸ் ஒரு செல்லை எப்படிப் புற்றாக்குகிறது? நெடுநாள் சொல்லப்பட்ட பதில், அது ஏதோ ஒரு புரதத்தைச் செய்கிறது, அந்தப் புரதம் செல்லைக் கெடுக்கிறது என்பது. மேரக்ஸ் வைரஸிலும் அப்படி ஒரு புரதம் உண்டு, பெயர் மெக். அது இல்லாமல் கட்டி வராது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த மெக் மரபணுவுக்குப் பக்கத்திலேயே, புரதம் எதையும் செய்யாத ஒரு சிறு துண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தத் துண்டு ஒரு மைக்ரோஆர்என்ஏ. டிஎன்ஏவில் எழுதியிருப்பதைத் தூது ஆர்என்ஏ படியெடுத்துச் செல்ல, அதைப் படித்துச் செல் புரதம் செய்கிறது. நடுவழியில் அந்தத் தூதை முடக்குபவை மைக்ரோஆர்என்ஏக்கள். ஒன்றின் நீளம் ஏறத்தாழ 22 எழுத்துதான். அதிலும் உண்மையான வேலையைச் செய்வது இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையுள்ள பகுதி. அதற்கு ‘விதை’ என்று பெயர். அந்த ஏழெழுத்து எந்தத் தூதில் பொருந்துகிறதோ அந்தத் தூது செல்லாக்காசாகிவிடும். 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டபோது, புழுவின் விநோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ்களிடமும் மைக்ரோஆர்என்ஏ உண்டு என்பது 2004இல் வெளிவந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டூஷலின் குழு, மனிதரிடம் காணப்படும் எப்ஸ்டீன்-பார் என்ற ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய செல்களில் அந்த வைரஸுக்கே உரிய ஐந்து மைக்ரோஆர்என்ஏக்களைக் கண்டது. இன்று அந்த ஒரு வைரஸின் கணக்கில் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. வைரஸ் இவற்றை விரும்புவதில் கணக்கு இருக்கிறது. புரதம் செய்தால் உடலின் காவல் படை அதை அந்நியன் என்று மோப்பம் பிடித்துவிடும். 22 எழுத்துத் துண்டு அந்தக் கண்ணில் படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ நினைக்கும் ஹெர்பிஸ் குடும்பத்துக்கு இதைவிட வாகான கருவி இல்லை.

ஆனால் கட்டிக்குள் ஒன்று இருக்கிறது என்பதாலேயே அதுதான் கட்டியை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் ஒருவகைப் புற்றில் எப்ஸ்டீன்-பாரின் மைக்ரோஆர்என்ஏக்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கெட்டுப்போன செல்லைத் தானாகச் சாகவைக்கும் பூமா என்ற புரதத்தை அடக்குவதும் தெரியும். எல்லாம் சூழ்நிலைச் சாட்சியங்கள். அந்தத் துண்டை நீக்கிய வைரஸை மனிதருக்குச் செலுத்தி, புற்று வருகிறதா என்று பார்க்க முடியாது.

கோழியில் முடியும். அந்தச் சோதனையை இங்கிலாந்தில் வேணுகோபால் நாயரின் குழு செய்து 2011இல் வெளியிட்டது. மேரக்ஸ் வைரஸின் முழு மரபுத்தொகுதியையும் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தினார்கள். மெக் அருகே இருந்த ஆறு மைக்ரோஆர்என்ஏக்கள் கொண்ட தொகுப்பை எடுத்ததும் கட்டி உண்டாக்கும் திறன் போனது. ஆறில் ஒன்றை, எம்4 என்பதை மட்டும் எடுத்தபோதும் போனது. பிறகு செய்ததுதான் என்னை மலைக்க வைத்தது: எம்4-ஐ இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் விதையில் இரண்டே இரண்டு எழுத்துகளை மாற்றினார்கள். வைரஸ் தொற்றியது, கட்டி தடைபட்டது. மாற்றிய எழுத்தைப் பழையபடி திருத்தியதும் புற்று திரும்பியது.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. எம்4 இருந்த இடத்தில் கோழியின் சொந்த மைக்ரோஆர்என்ஏ ஒன்றைப் பொருத்தினார்கள். அப்போதும் கட்டி வந்தது. அந்தச் சொந்தச் சரக்கின் பெயர் மைக்ரோஆர்என்ஏ-155; எம்4 அதன் போலி.

இந்த 155க்குக் கோழியோடு பழைய உறவு. அதன் உறைவிடமான மரபணுவை ‘பிக்’ என்பார்கள். பறவை லுகோசிஸ் என்ற வேறொரு வைரஸ், கோழிகளின் புற்றுச் செல்களில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டதைப் பார்த்துத்தான் பிக் கண்டுபிடிக்கப்பட்டது. புரதம் எதுவும் தராத மரபணுவுக்கு அங்கே என்ன வேலை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. தொற்று வந்ததும் வெள்ளணுக்களைத் துடிப்பாக்கிப் பெருகவைக்க உடல் 155ஐ எழுப்புகிறது; அவசரம் தீர்ந்ததும் அடக்கிவிடுகிறது. அடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதை எலிகளில் பார்த்துவிட்டார்கள்: பி செல்கள் என்ற இன்னொருவகை வெள்ளணுக்களில் 155 ஓயாமல் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்கு ரத்தப் புற்று வந்தது.

வைரஸ்கள் இந்த ஒரே வாசலுக்கு வெவ்வேறு வழியில் வந்திருக்கின்றன. லுகோசிஸ் வைரஸ் பக்கத்தில் செருகிக்கொண்டு எழுப்புகிறது. எப்ஸ்டீன்-பார் தன் புரதத்தை ஏவி மனிதச் செல்லின் 155ஐ எழுப்புகிறது. எய்ட்ஸ் நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் கபோசி சார்கோமாவின் வைரஸ், மேரக்ஸைப் போலவே, போலி 155 ஒன்றைத் தானே வைத்திருக்கிறது. இரண்டு போலிகளிலும் விதை மட்டும் அசலைப் போல. மீதி எழுத்துகள் வேறு. தேவைப்பட்ட ஏழெழுத்தை மட்டும் அவை தனித்தனியே எட்டியிருக்கின்றன போலும். இத்தனைக்கும் புற்றால் மேரக்ஸ் வைரஸுக்குப் பெரிய லாபமில்லை. அது பரவுவது இறகுத் தூசி வழியாக, கட்டி வழியாக அல்ல. தங்கியிருக்கும் செல் சாகாமல் பெருக வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. கட்டி அந்த ஆசையின் உபரி.

மனிதரில் 155ஐக் கட்டிப்போட முயன்றிருக்கிறார்கள். அதன் எழுத்துகளுக்கு எதிரெழுத்தாகச் செய்த கோபோமார்சென் என்ற மருந்து, தோலில் வரும் டி செல் புற்று நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. விற்பனைக்கு அது வரவில்லை. அந்த மருந்து குறிவைத்ததும் செல்லின் சொந்த 155ஐத்தான், வைரஸ்களின் போலியை அல்ல.