படுத்தால் போகும், எழுந்தால் வரும் தலைவலி

படுத்தால் வலி அடங்குகிறது. எழுந்து நின்றால் பின்மண்டையைப் பிடித்து இழுக்கிறது. மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் ஒருவருக்கு இப்படி வந்தால் முதலில் பனடோல், பிறகு புதுக் கண்ணாடி, அதற்கும் மசியாவிட்டால் ‘மைக்ரேன்’ என்ற பெயர். பெரிய நகரங்களிலும் பலர் இதே சுற்றுதான் சுற்றுகிறார்கள்.

மூளையும் முதுகுத்தண்டும் தெளிந்த நீரில் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு அது சுமார் 150 மில்லி. தினமும் அரை லிட்டர் சுரந்து, மறுபடி இரத்தத்தில் கலக்கிறது. முதுகெலும்புக்குள் அந்த நீரைத் தாங்கும் உறை கிழிந்தால் நீர் கசியும். அப்போது நிமிர்ந்து நின்றால் மூளை சற்றே கீழிறங்கி, சுற்றியுள்ள சவ்வுகள் இழுபட்டு வலிக்கும். சிலருக்குக் கழுத்து வலி, குமட்டல், காது அடைப்பும் சேரும்.

இந்த வலியைத் தன் உடம்பிலேயே பார்த்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். 1898 ஆகஸ்டில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் முறையைத் தன்மீது சோதிக்கச் சொன்னார். உதவியாளர் ஹில்டபிராண்ட் கையிலிருந்த சிரிஞ்சு ஊசியில் பொருந்தவில்லை. நீர் ஏராளமாக வழிந்தது. அடுத்து பியர், ஹில்டபிராண்டுக்கு ஊசி போட்டு, காலில் சுத்தியலால் தட்டியும் சுருட்டால் சுட்டும் பார்த்தார். வலியே இல்லை! இருவரும் மதுவோடு விருந்து சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து பியருக்கு எழுந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார்.

பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்ட தாய்மார் சிலருக்கு இன்றும் இது வருவதுண்டு. பெரும்பாலும் சில நாளில் தானாகவே சரியாகிவிடும்.

சிக்கல் எல்லாம் தானாக ஏற்படும் கசிவில்தான். ஆண்டுக்கு லட்சத்தில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வருகிறது. எலும்பு முள் உறையைக் குத்தலாம். நரம்பு வேரருகே உறை பிதுங்கிக் கிழியலாம். நீர் நேரே சிரைக்குள் வடியலாம். இந்த மூன்றாவது வகை 2014-இல்தான் மருத்துவ ஏடுகளில் பதிவானது. சாய மருந்து ஏற்றி எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ. பலருக்குக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அதுவும் சாதாரணமாகவே இருக்கும். ‘ஸ்கேன் நல்லாயிருக்கு’ என்று அனுப்பிவிடுவது சரியல்ல என்பது இதனால்தான்.

சிகிச்சையில் விந்தையானது ‘பிளட் பேட்ச்’. 1960-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கோர்ம்லி தொடங்கியது. நோயாளியின் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்துவார்கள். இன்று வழக்கமான அளவு சுமார் 20 மில்லி. சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுவது போலத்தான். ஒருமுறையில் அடங்காவிட்டால் திரும்பச் செய்வார்கள். அதற்கும் மசியாத ஓட்டையைச் சாயம் செலுத்தி, எக்ஸ்ரேயில் தேடிப் பிடித்து, அறுவையில் தைப்பார்கள். சிரைக்கசிவு என்றால் அந்தச் சிரையையே அடைப்பதும் உண்டு. ‘சிரியானா’ படப்பிடிப்பில் அடிபட்ட நடிகர் ஜார்ஜ் குளூனி இந்தக் கசிவால் பெரும்பாடு பட்டவர்.

இங்குள்ளவர்கள் அரசுக் கிளினிக்கில் மேல்சிகிச்சைக் கடிதம் கேட்டு வாங்கலாம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் கழகம் இருக்கிறது. போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எழுந்து எத்தனை நிமிடத்தில் வலி வருகிறது, படுத்து எத்தனை நிமிடத்தில் போகிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் இதை முதலில் சொல்லுங்கள். திடீரென இடிபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கைகால் தளர்ச்சி என்றால் தாளைத் தேடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.